காய்ந்த குழி

புயல் வருகிறது என்று சேதி வந்தால் போதும், எங்கள் பக்கத்து ஜனங்களின் முகத்தில் ஒரு களை வந்துவிடும். பால், பிரெட், மெழுகுவத்தி எல்லாவற்றையும் வாங்கிக் குவித்துவிட்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கடலில் சுற்றும் அந்த வண்ண வட்டத்தை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். மரக்காணத்தில் ஏறுமா, மாமல்லபுரத்தில் ஏறுமா என்று ஆளாளுக்கு ஒரு ஜோசியம் சொல்வார்கள். அந்த முகங்களைப் பார்த்தால் இப்போது எனக்கு எரிச்சலாக வருகிறது. முன்பு நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். அப்பா இறந்த வாரத்தோடு அது போய்விட்டது.

அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஓட்டி ஓட்டியே ரிட்டையர் ஆனார். திண்டிவனத்திலிருந்து கிளைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் எங்கள் ஊர். நுழைந்ததும் மாதா கோயில், அதற்குப் பின்னால் ஏரி, ஏரிக்குக் கீழே கல்லறைத் தோட்டம். எந்தப் புண்ணியவான் அந்தப் பள்ளத்தைக் கல்லறைக்கு ஒதுக்கினானோ தெரியாது. மழைக்காலத்தில் ஊரின் கழிவு முழுக்க அந்த வழியாகத்தான் இறங்கும்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு அடைமழையில் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, இறந்துபோனார். அவருக்கு வெட்டிய குழியில் வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. பெட்டியை இறக்கினால் மிதந்தது. கடைசியில் இரண்டு பேர் பெட்டியின் மேல் ஏறி நின்று மிதித்து அழுத்த, மற்றவர்கள் சேற்றை வாரிப் போட்டு மூடினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அப்பா. அதன் பிறகு ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் தம்பிக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஒன்றையே சொல்வார்.

"என்ன மட்டும் தண்ணில போட்டு மெதிச்சிடாதீங்க. காஞ்ச குழியில போடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

அம்மா ஒவ்வொரு தடவையும் "சரி" என்பாள். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. குவைத்தில் வேலை பார்க்கும் அண்ணனுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், அத்தை வீட்டுக்காரரான மாமாவுக்கும் தெரியும்.

அப்பா ஒரு வியாழக்கிழமை விடிகாலையில் இறந்தார். தூக்கத்திலேயே போய்விட்டார், நல்ல சாவு. நானும் என் வீட்டுக்காரரும் விழுப்புரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து சேர்ந்தோம். கடலில் எங்கேயோ காற்றழுத்தம் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் வானம் மூடியிருந்ததே தவிர ஒரு சொட்டு விழவில்லை. மத்தியானத்துக்குள் குழி வெட்டியாகிவிட்டது. நானே போய்ப் பார்த்தேன். செம்மண் சுவர் மாதிரி நேராக நின்றது. அடியில் இருந்த மண்ணை எடுத்து உதிர்த்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்ததை இங்கே சொல்லத்தான் வேண்டும். மனுஷன் கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பங்குச் சாமியாரும் அதையே சொன்னார். "சாயந்திரமே எடுத்துடலாம். நாளைக்கு மழ புடிச்சிக்கும்போல இருக்குது."

அம்மா மாமாவிடம் கேட்டாள். "இன்னிக்கே எடுத்துடுங்கண்ணா. அவரு கேட்டது அது ஒண்ணுதான்."

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமானாலும் சாவானாலும் வாசலுக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு உட்காருகிற ஆள் அவர். எங்கள் குடும்பத்தில் அப்பாவுக்குப் பிறகு மூத்த ஆண் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. அது போதுமானதாக இருந்தது.

"பெரிய பையன் மண்ணு போடாம எப்பிடிம்மா மூடறது? ஊரு இன்னா பேசும்? அவன் குவைத்துல இருந்து கௌம்பிக்கினு இருக்கான்."

"மழ வந்துச்சின்னா குழி ரொம்பிடும் மாமா. அப்பா இன்னா சொல்லுவாருன்னு உங்களுக்கே தெரியுமில்ல" என்றேன்.

"நீ சும்மா இரும்மா. இத பாரு." போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். நீலமும் மஞ்சளுமாக ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. "இது இப்பிடியே மேல ஏறி ஆந்திராப் பக்கம் போய்டும். நமக்கெல்லாம் தூறலோட சரி."

அண்ணனும் போனில் வந்தான். அழுதான். உண்மையாகவே அழுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அழுது முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவனும் புயலைப் பற்றித்தான் பேசினான். "நான் டிராக் பண்ணிக்கினுதான் இருக்கேன். கம்பெனியில நாளைக்குத்தான் பேப்பர் குடுப்பாங்க. சனிக்கிழம காலையில மெட்ராஸ்ல எறங்கிடுவேன். அது சாயந்திரம்தான் கரைக்கு வருது. நடுவுல டைம் இருக்குது. எனக்காக வைங்க மாமா."

அதோடு முடிந்தது. விமானம் வருவதற்கும் புயல் வருவதற்கும் இடையில் ஒரு சந்து கண்டுபிடித்து, அந்தச் சந்தில் அப்பாவைப் புதைப்பது என்று முடிவாகிவிட்டது. அந்தக் கணக்கைப் போட்டுவிட்டதில் வாசலில் இருந்த எல்லோருக்கும் ஒரு பெருமை. காய்ந்த குழி அங்கே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அம்மா மறுபடி கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஊரே தயாரானது. அந்தத் தயாரிப்பைப் பார்க்க வேண்டுமே. மாமா தன் காரைக் கொண்டுபோய் மாதா கோயில் மேட்டில் நிறுத்தினார். பைக்கை வேப்ப மரத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார். யார் வீட்டு முருங்கை ஒடிந்து யார் கூரையில் விழும் என்று பஞ்சாயத்து பண்ணிக் கிளைகளை வெட்டவைத்தார். பந்தல்காரர் வந்து, காற்றில் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று எங்கள் வீட்டு வாசல் பந்தலைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார். துக்கத்துக்கு வந்தவர்கள் தலைக்கு மேல் ஒன்றும் இல்லாமல் உள்ளே வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

என் வீட்டுக்காரர் மெழுகுவத்தி வாங்கத் திண்டிவனம் போனார். பிணத்தின் தலைமாட்டில் ஏற்றுவதற்குத்தான். கடை கடையாக ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. புயலுக்காக ஜனங்கள் மொத்தமாக வாரிக்கொண்டு போயிருந்தார்கள். பிறந்தநாள் கேக்கில் குத்துகிற குட்டி வத்திகள் மட்டும் மிச்சம் இருந்தன என்று வெறும் கையோடு வந்தார். கோயிலிலிருந்து பாதி எரிந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து ஏற்றினோம். எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு டஜன் மெழுகுவத்தி பிரிக்காத அட்டைப்பெட்டியோடு இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ, எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை.

குழிக்கும் ஒரு ஏற்பாடு நடந்தது. நீலத் தார்ப்பாய் ஒன்றைக் குழி மேல் விரித்து, சுற்றிலும் செங்கல் அடுக்கிவிட்டு வந்தார்கள். "இனிமே சொட்டு எறங்காது" என்றார் மாமா. காற்றில் பறக்காமல் இருக்கத்தான் அத்தனை செங்கல். எங்கள் ஊருக்குப் புயல் என்றால் காற்று. முன்பு ஒரு புயலில் மரமெல்லாம் சாய்ந்ததைப் பார்த்தவர்கள், அதனால் கட்டுவதும் அடுக்குவதும் மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். மழைத் தண்ணீருக்கும் கனம் உண்டு என்பது யாருக்கும் நினைவில்லை. தார்ப்பாய்க்கு நடுவில் முட்டுக்கொடுக்க ஒரு குச்சிகூட வைக்கவில்லை.

மத்தியானம் மழை பிடித்தது. சாயந்திரம் முன்னெச்சரிக்கை என்று கரண்ட்டை நிறுத்தினார்கள். அப்பா இருந்தது ஐஸ் பெட்டியில். அதற்காகப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஜெனரேட்டரை என் வீட்டுக்காரர் கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டுவந்தார். அது ஓட ஆரம்பித்ததும் ஒரு பிளக் பலகை வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அதில் ஒரு போன், இரண்டு போன் என்று சொருகினார்கள். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் கால்மாட்டில் ஒரு போன் கடையே பரப்பியிருந்தது. ஊர்க்காரர்கள், உறவுக்காரர்கள், துக்கத்துக்கு வராதவர்கள்கூட வந்து சொருகிவிட்டுப் போனார்கள். நான் அம்மாவுக்குக் காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்தபோது ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. ஐஸ் பெட்டியின் சத்தம் இல்லை. ஜெனரேட்டர் ஓடுகிறது, பெட்டி ஓடவில்லை. குனிந்து பார்த்தேன். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, அந்த இடத்தில் யாரோ சார்ஜரைச் செருகியிருந்தார்கள்.

அது மாமாவுடைய போன். எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன்.

"அஞ்சே நிமிஷம்தாம்மா" என்றார் மாமா. அவர் முகத்தில் வெட்கம் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. "சார்ஜ் இல்லாங்காட்டி புயலு எங்க நிக்குதுன்னு எப்பிடிப் பாக்கறது?"

எனக்கு அந்த ஆளைத் தூக்கிப் போட்டு மிதிக்க வேண்டும்போல இருந்தது. அம்மா காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அப்பாவின் முகத்தில் நீர் கோத்திருந்தது.

சனிக்கிழமை விடிந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. காற்று வரவில்லை. கட்டிவைத்த பைக், ஏற்றிவைத்த கார், வெட்டிப்போட்ட முருங்கைக் கிளை எதற்கும் வேலை இல்லை. வெறும் மழை, நிற்காத மழை. சென்னையில் விமானம் எதுவும் இறங்க முடியாது என்று சேதி வந்தது. அண்ணன் வந்த விமானத்தைப் பெங்களூருக்குத் திருப்பிவிட்டார்கள். அவன் அங்கே ஏர்போர்ட்டில் உட்கார்ந்துகொண்டு குடும்பக் குரூப்பில் படம் மேல் படமாகப் போட்டான். புயல் கரைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டதாம், நகரவில்லையாம். இங்கே முழங்கால் தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு அவன் அங்கிருந்து சேதி சொல்கிறான்.

"ஒரு கார் எடுத்துக்கினு வந்துடேண்ணா" என்று போட்டேன்.

"ரிஸ்க்கும்மா. ரோடெல்லாம் எப்பிடி இருக்குதோ" என்று பதில் வந்தது. பக்கத்தில் கைகூப்பும் பொம்மை.

மாமா நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டிருந்தார். "ஞாயித்துக்கெழம வெச்சிக்கலாம்" என்றார். ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லாததால் பங்க் எதுவும் திறக்கவில்லை. ஊதுவத்தி புகைக்கு அடியில் வேறொரு வாடை வர ஆரம்பித்தது. அது என்ன வாடை என்று எல்லோருக்கும் தெரியும். மூக்கைச் சுளித்துக்கொண்டே போனைத் தடவினார்கள். அப்பா தினமும் சட்டைக்குப் பவுடர் போட்டுக்கொண்டு பஸ் ஏறியவர். அவரைச் சுற்றி இவர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

பங்குச் சாமியார் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு குடையோடு வந்தார். "இப்ப எடுக்கலன்னா அப்பறம் எடுக்கவே முடியாது. ஏரி ரொம்பிக்கினு வருது" என்றார். மாமாவிடம் கேட்கவே இல்லை. நேராக அம்மாவிடம் சொன்னார். அம்மா தலையாட்டினாள்.

கல்லறைக்குப் போகிற வழியில் ஒரு தாழ்வான இடத்தில் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது என்று அம்மாவை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். அவளுக்கு மூட்டு வலி, நடக்க முடியாது. சவப்பெட்டியை மூடுவதற்கு முன் அப்பாவின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"நீ கூடப் போ. குழி காஞ்சி இருக்குதான்னு பாத்துட்டு வா."

அந்த மழையில் அவள் அதைக் கேட்டாள். நான் போனேன்.

தார்ப்பாய் ஒரு வயிறு மாதிரி தொங்கி, மழையை முழுக்கச் சேர்த்து வைத்து, எப்போதோ செங்கல்லோடு உள்ளே விழுந்திருந்தது. சும்மா விட்டிருந்தால்கூட அவ்வளவு தண்ணீர் நின்றிருக்காது. குழி விளிம்பு வரை செந்தண்ணீர். அதன் மேல் டீ கப், பிராந்தி பாட்டில், செத்த தவளை, யாரோ வீசிய குழந்தை டயப்பர். ஊருக்குள்ளிருந்து இறங்கி வந்ததெல்லாம் அங்கே வந்து நின்று சுற்றிக்கொண்டிருந்தது. தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டுப் பக்கெட்டால் இறைத்தார்கள். இறைத்த தண்ணீர் பக்கவாட்டிலிருந்து திரும்ப உள்ளே வந்தது. சாமியார் மழைக்கு மேல் குரலை உயர்த்திச் செபம் சொன்னார். கயிறு விட்டுப் பெட்டியை இறக்கினார்கள்.

பெட்டி மிதந்தது.

ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி, குழியின் சுவரில் முட்டி முட்டி நின்றது. மாமாவின் மருமகன் குடைக்கு அடியில் போனைப் பிடித்து அண்ணனுக்காக லைவ் போட்டுக்கொண்டிருந்தான். கரண்ட் செத்தது, பால் செத்தது, பஸ் செத்தது. டவர் மட்டும் அன்றைக்குச் சாகவில்லை.

"ஏறித்தான் நிக்கணும்" என்றார் மாமா.

அவர்தான் ஏறினார். இன்னொருவரும் கூட ஏறினார். ஏறுவதற்கு முன்னால் மாமா செருப்பைக் கழற்றிக் கரையில் ஜோடியாக வைத்துவிட்டுத்தான் காலை வைத்தார். மரியாதையாம். மூன்று நாள் அந்த மனுஷனை அழுகவிட்டு, அவர் வாழ்நாள் முழுக்கப் பயந்த ஒன்றையே கொண்டுவந்து அவருக்குச் செய்துவிட்டு, செருப்பைக் கழற்றுகிறார். அந்த ஜோடிச் செருப்பைப் பார்த்ததும் ஒரு சிலுவைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது பெட்டி உள்ளே போயிருந்தது. சேற்றை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாமா ஒரு கைப்பிடிச் சேற்றை எடுத்துக் கேமராவுக்குக் காட்டினார். "பெரிய பையனுக்குப் பதிலா நான் போடறேன்" என்று சொல்லிவிட்டுப் போட்டார். அவ்வளவுதான் சங்கதி. பதிலுக்குப் போடலாம் என்றால் அதை வியாழக்கிழமை சாயந்திரமே போட்டிருக்கலாம். அதை நான் சத்தமாகவே சொன்னேன். மழைச் சத்தத்தில் கேட்காத மாதிரி எல்லோரும் நடந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா, ஐஸ் பெட்டி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுடைய போன் குப்புறக் கிடந்தது. என் புடவையிலிருந்து செந்தண்ணீர் சொட்டியது.

"குழி காஞ்சி இருந்துச்சா?"

"இருந்துச்சிம்மா. தார்ப்பாய் போட்டிருந்தாங்க இல்ல. உள்ள சொட்டுகூட எறங்கல."

"சரி. போய்த் துணிய மாத்திக்கோ. சளி புடிக்கும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. அன்றைக்குத்தான் அண்ணன் வந்து சேர்ந்தான். சூட்கேஸை இறக்கி வைத்துவிட்டு நேராகக் கல்லறைக்குப் போனான். ரொம்ப நேரம் கழித்து, கண் சிவந்துபோய் வந்தான். அம்மா முறத்தில் மல்லாட்டையைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்தவை, நல்லதைப் பொறுக்கித் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

அண்ணன் அவள் காலடியில் உட்கார்ந்தான். "நல்ல காஞ்ச எடமாத்தாம்மா இருக்குது. இப்பதான் பாத்துட்டு வர்றேன். ஈரமே இல்ல. அப்பா கேட்ட மாதிரியே அமைஞ்சிடுச்சி."

அவன் லைவ்வை முழுசாகப் பார்த்தவன். அந்த லிங்க்கைக் குடும்பக் குரூப்பில் போட்டவனே அவன்தான். நான் அவனை முறைத்தேன். எந்த யோக்கியதையில் முறைக்கிறேன் என்று உடனே உறைத்தது. சனிக்கிழமை நான் சொன்னதும் அதையேதான்.

அம்மா ஒரு கடலையை உடைத்து, உள்ளே பார்த்து, கெட்டது என்று ஒதுக்கினாள்.

"ஆமாம்பா. இவளும் அப்பிடித்தான் சொன்னா" என்றாள். "போன்ல பாத்தப்பத்தான் தண்ணி மாதிரி தெரிஞ்சிது."

அந்தக் குரூப்பில் அவளையும் சேர்த்துவிட்டு, வீடியோ பார்க்கக் கற்றுக்கொடுத்தது நாங்கள்தான். தினமும் காலையில் மாதா படம் போட்டு வணக்கம் சொல்வாள்.

"உன்ன ஒண்ணு கேக்கறேன்" என்று என் பக்கம் திரும்பினாள். "உங்க மாமா ஏறி நின்னாரே. செருப்பு போட்டுக்கினா ஏறினாரு? அது மட்டும் போன்ல சரியாத் தெரியல."

"இல்லம்மா" என்றேன். "கழட்டி வெச்சிட்டுத்தான் ஏறினாரு."

என் முகத்தையே பார்த்தாள்.

"நெசமாவா?"

"சத்தியமாம்மா."

நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்க அவளிடம் நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.